வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள்

என் மாமனார் இரண்டு அரளிப் பூக்களைக் கண்ணை மூடிக்கொண்டு மாறி மாறி முகர்ந்து பார்த்த காலைப்பொழுது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் அவருடைய கமிஷன் கடை. ஈரச் சாக்கின் மேல் மல்லியும் பிச்சியும் குவிந்து கிடக்க, சுற்றிலும் ஏலச் சத்தம் காதைப் பிளக்க, அவர் மட்டும் அந்த இரண்டு பூவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒன்று செவ்வரளி, ஒன்று வெள்ளரளி. "பிச்சியும் கேந்தியும் வச்சா பிள்ளைக்கு மூக்கே காட்டிக் குடுத்துரும் மாப்ளே. சாமி காரியத்துல கள்ளம் வரப்பிடாதுல்லா" என்றார். அவர் கை நடுங்கியது. எனக்கும் உள்ளே பயம் இருந்தது. நான் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. பட்டாளத்துக்காரன் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது எழுதாத சட்டம்.

நான் ராணுவத்தில் லாரி ஓட்டுபவன். திருவேங்கடம் பக்கத்துக் கரிசல்காட்டில், மழையை நம்பிப் பருத்தி போட்டு அலுத்துப்போன வீட்டிலிருந்து கிளம்பிப் போனவன். கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவியும் மகளும் சங்கரன்கோவிலில் மாமனார் வீட்டு மாடியில் குடியிருந்தார்கள். மகளுக்கு அப்போது நாலு வயது. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு என்று கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி வந்திருந்தேன். வந்து பெட்டியைக்கூடச் சரியாகப் பிரிக்கவில்லை, யூனிட்டிலிருந்து கிளார்க் போன் செய்தார். எங்கள் யூனிட் ஐ.நா. அமைதிப்படையாக ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்குப் போகிறது, டிரைவர்கள் வேண்டும், ஒரு வருஷம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. போக விருப்பம் என்றால் 'வில்லிங்', இல்லையென்றால் 'அன்வில்லிங்'. லீவு முடிவதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும் என்றார். வழக்கமாகப் பட்டாளத்தில் யாரும் நம்மைக் கேட்பதில்லை. போ என்றால் போக வேண்டியதுதான். அதில் ஒரு நிம்மதி உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. என்னைக் கேட்டுவிட்டார்களே என்பதே முதல் பயமாக இருந்தது.

அந்த இடத்தைப் பற்றி எனக்கு முன்பே கொஞ்சம் தெரியும். போய்விட்டு வந்த ஒரு டிரைவர் சொல்லியிருந்தார். தகரப் பெட்டி போன்ற அறைகள், சுற்றி மணல் மூட்டைகள், அதைச் சுற்றி முள்கம்பி, கம்பிக்கு வெளியே ஊரைவிட்டு ஓடிவந்த சனங்களின் கூடாரங்கள். மழை தொடங்கிவிட்டால் பாதை சேற்றுக்குள் போய்விடுமாம்; பிறகு ஹெலிகாப்டர் வந்தால்தான் அரிசியும் டீசலும். சைரன் ஒலித்தால் சாப்பிடுகிற தட்டைப் போட்டுவிட்டுப் பதுங்கு குழிக்கு ஓட வேண்டும். அவர் இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், நானும் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். காஷ்மீரில் லாரி ஓட்டியவனுக்குப் பயம் ஒன்றும் புதிதில்லை. ஆனால் அங்கே யார் நம்மைச் சுடுவான் என்று ஓரளவு தெரியும். ஆப்பிரிக்காவில் அடித்துக்கொள்கிற இரண்டு பக்கமும் நமக்கு எதிரி இல்லை, வேண்டியவனும் இல்லை. நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் லாரியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பெயர்கூட வாயில் நுழையாத இரண்டு கூட்டத்தின் சண்டையில் நான் செத்துப்போனால், என்ன காரணம் என்று என் மகளுக்கு யார் எப்படிச் சொல்வார்கள் என்று யோசித்தேன்.

இன்னொன்றும் இருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒருமுறை எங்கள் யூனிட்டைச் சேர்ந்த ஒரு சிப்பாயின் உடலை அவன் ஊருக்குக் கொண்டுபோன வண்டியை ஓட்டியவன் நான்தான். அவன் அம்மா அழவில்லை. பெட்டியைக் கையால் தடவிக்கொண்டே, "உள்ளே அவன்தானே? நல்லாப் பாத்தீங்கள்லா?" என்று என்னிடம் கேட்டாள். நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொன்னேன். நம் நாட்டுக்குள்ளேயே இப்படி என்றால், கடல் தாண்டி, கண்டம் தாண்டி வருகிற பெட்டியைத் தடவி என் மனைவி யாரிடம் கேட்பாள்? கிளார்க்கின் போன் வந்த நாளிலிருந்து சோற்றில் கை வைத்தால் அந்த அம்மாவின் கைதான் கண்ணுக்கு வந்தது.

என் மனைவியிடம் சொன்னேன். அவள் சோளத்தட்டை மாதிரி நேரே நிற்கிறவள், வளைந்து கொடுக்கவும் மாட்டாள், சாய்ந்து அழவும் மாட்டாள். "உங்க இஷ்டம்" என்றாள். போனால் சம்பளம் கூட வரும், சொந்தமாக ஒரு வீடு கட்டலாம் என்றேன். "கட்டலாம்" என்றாள். ஒரு வருஷம் ஆகுமே என்றேன். "ஆகும்" என்றாள். நான் என்ன சொன்னாலும் கிணற்றில் போட்ட கல்தான். அவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று நான் ஏங்கினேன். பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி புருஷனைத் தடுக்கக் கூடாது என்று அவளும் எங்கேயோ படித்து வைத்திருந்தாள் போலிருக்கிறது.

வேண்டாம் என்று சொன்னவர் மாமனார் ஒருவர்தான். அவர் சொன்னதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. மனிதருக்குப் பயம் என்பது மூச்சு விடுவதுபோல. மேற்கே ராயகிரிப் பக்கம் மேகம் கறுத்தாலே டிவி, விசிறி எல்லாவற்றின் வயரையும் பிடுங்கிவிடுவார். பஸ்ஸில் முன் சீட்டில் உட்காரமாட்டார். குற்றாலத்துக்குக் குடும்பத்தோடு போனால் எல்லோரும் அருவியில் நனைவோம், அவர் கரையில் துணிமணிக்குக் காவல். எங்கள் ஊரில் வீட்டில் பாம்பைக் கண்டவர்கள் பாம்பு உருவம் பொறித்த தகடு வாங்கிக் கோவில் உண்டியலில் போடுவது வழக்கம். இவர் கனவில் கண்டாலும் போடுவார். மார்க்கெட்டில் அவர் முதுகுக்குப் பின்னால் பயந்தாங்கொள்ளி அண்ணாச்சி என்பார்கள். அவருக்கும் அது தெரியும். "தைரியம் என்னத்துக்கு மாப்ளே? அத வச்சுப் பொங்கித் திங்கவா முடியும்?" என்பார். என்னை வழியனுப்ப ஒருநாளும் ரயிலடிக்கு வந்ததில்லை. நான் கிளம்புகிற நேரம் பார்த்து அவருக்குக் கடையில் ஏதாவது வேலை வந்துவிடும். ஆரம்பத்தில் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டு மனைவியிடம் முறைத்திருக்கிறேன்.

ஆப்பிரிக்கா என்று கேட்டதும் அவர் சாப்பாட்டிலிருந்து எழுந்துவிட்டார். கையைக் கழுவிவிட்டு வந்து, "வேண்டாம் மாப்ளே, எனக்குப் பயமாருக்கு" என்றார். அவ்வளவுதான். காரணம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு உள்ளே பெரிய ஆறுதல். வெளியே, "யோசிக்கணும் மாமா" என்று விறைப்பாகச் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்பம் அம்மன்ட்ட பூக்கட்டிக் கேட்டுருவோம். அவ சொன்னா நீங்களும் கேப்பிய, நானும் கேப்பேன்" என்றார். இரண்டு நிறப் பூக்களைத் தனித்தனியே இலையில் பொதிந்து, சாமியின் காலடியில் வைத்து, சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. கல்யாணம், வழக்கு, ஆபரேஷன் என்று இதை வைத்து முடிவெடுத்த குடும்பங்கள் எங்கள் பக்கம் ஏராளம். வெள்ளை வந்தால் போவது, சிவப்பு வந்தால் நிற்பது என்று பேசிக்கொண்டோம். அதற்குத்தான் அந்த அரளிப் பூக்கள்.

மார்க்கெட்டிலிருந்து கோவிலுக்கு நால்வரும் நடந்தே போனோம். தபசு நெருங்கிவிட்டதால் தெருவெல்லாம் கூட்டம். வேண்டுதலுக்குக் கோவிலைச் சுற்றுகிறவர்கள் கால் ஓயாமல் நடந்துகொண்டிருந்தார்கள். மகள் மாமனாரின் விரலைப் பிடித்துக்கொண்டு, பலூன் கேட்டு நச்சரித்தபடி முன்னால் போனாள். அம்மனுக்கு ஒரு செவ்வரளி மாலையும் வாங்கிக்கொண்டார். கோவிலுக்குள் போனதும் ஒரு தூணோரம் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வாழையிலைக் கிழிசலில் பூவை வைத்து, நாரால் கட்டி இரண்டு பொட்டலங்களை எடுத்து வந்தார். அர்ச்சகர் கோமதி அம்மன் காலடியில் வைத்து எடுத்துத் தந்த பொட்டலங்களை மாமனார் என் மகளின் முன்னால் நீட்டி, "மக்கா, ஒண்ணு எடு" என்றார். அவள் இரண்டையும் எடுக்கப் பார்த்தாள். என் மனைவி அவள் கையைத் தட்டி விட்டாள். மகள் ஒன்றை எடுத்துத் தானே பிரித்தாள். சிவப்பு. மாமனார் மற்றதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அம்மனைப் பார்த்து விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆயிற்று. என் மனைவி தலைகுனிந்து மகளின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பொத்தான் சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை அவர் என்னைக் கடைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். மல்லிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார். "கிளார்க்குக்குப் போன் போட்டுட்டியளா மாப்ளே?"

"இல்ல மாமா. மத்தியானம் போடணும்."

"அதுக்கு முந்தி ஒண்ணு கேட்டுக்கிடுங்க. ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புதான்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவரே தொடர்ந்து சொன்னார். "இங்கன கடையில வச்சு மோந்து பாத்தப்ப என் மனசுல ஒரு கள்ளமும் இல்ல. பிள்ள வெரலப் பிடிச்சிட்டு நடந்து வந்தா பாருங்க, அப்பந்தான் புத்தி மாறிட்டு. வெள்ளைய மடியில சொருகிட்டேன். அம்மனுக்கு வாங்குன மாலையிலருந்தே ஒரு பூவ உருவி வச்சிட்டேன். அவ மாலையில கை வச்சு அவளையே ஏமாத்திருக்கேன். ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல. நீங்க இப்பம் என்ன முடிவு எடுத்தாலும் சரி. பாவம் எனக்கு, உங்களுக்கு இல்ல."

குறுக்கே கிடந்த எலுமிச்சம்பழத்தைத் தாண்டக்கூடப் பயந்து தெருவைச் சுற்றிப் போகிற மனிதர் அவர். ஏலம் கேட்க வந்த ஒருவர், "அண்ணாச்சி, பிச்சி என்ன வெலைவே?" என்று இரண்டு தடவை கேட்டும் அவர் காதில் விழவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "நானும் செவப்பத்தான் வேண்டிக்கிட்டேன் மாமா" என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அவர் பாரத்தில் பாதி இறங்கியிருக்கும். "சரி மாமா, நான் பாத்துக்கிடுதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மத்தியானம் கிளார்க்கைக் கூப்பிட்டு 'அன்வில்லிங்' என்றேன். ஏன் என்று கேட்டார். மாமனார் விடமாட்டேன் என்கிறார் என்றேன். திரும்பிப் போனதும் யூனிட் முழுக்க அதுதான் பேச்சு. மாமனார் கிழித்த கோட்டைத் தாண்டாத மாப்பிள்ளை என்று ஓட்டி எடுத்தார்கள். அந்தக் கேலி எனக்கு வசதியாக இருந்தது. பயம் அவருடையது, பணிவு என்னுடையது என்று ஆகிவிட்டதல்லவா.

யூனிட்டோடு போகாத என்னை வேறொரு யூனிட்டில் சேர்த்து வடக்கே மலைக்கு அனுப்பினார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் லாரி பனியில் வழுக்கிப் பாறையில் முட்டியது. எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது, அவ்வளவுதான். ஆனால் மாமனார் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். "அது எனக்கு வச்ச அடி மாப்ளே, உங்க மேல விழுந்துட்டு" என்றார். அதற்குப் பிறகு வீட்டில் எது நடந்தாலும் அவர் கணக்கில்தான். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் அவரால். மார்க்கெட்டில் பூ தேங்கினால் அவரால். அம்மன் சன்னதிக்கு முன்னால் ஒரு சக்கரக் குழி உண்டு, மனசு சரியில்லாதவர்கள் அதில் உட்கார்ந்து எழுந்தால் தெளியும் என்பார்கள். அதில் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். ஆடிமாதம் பிறந்தால் முட்டி வலியோடு கோவிலைச் சுற்றுவார். ஆப்பிரிக்கா போன யூனிட், அடிபடாமல் கொள்ளாமல் பெட்டி பெட்டியாகச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தது. அந்தச் செய்தியை நான் அவரிடம் சொல்லவில்லை. யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு, "நல்லபடியா வந்துட்டாங்களாம்லா" என்று என்னிடமே கேட்டார். அவர் முகத்தில் சந்தோஷமும் இருந்தது, அடிவாங்கிய பார்வையும் இருந்தது. அவ்வளவு பயத்துக்கு நடுவிலும், பூவை மாற்றி வைத்தது தப்பு என்று சொன்னாரே தவிர, என்னை நிறுத்தியது தப்பு என்று ஒருநாளும் சொல்லவில்லை.

அவர் இறந்துபோய்க் கொஞ்ச காலம் ஆகிறது. தூக்கத்திலேயே போய்விட்டார். பயப்பட நேரமில்லாமல் போனாரே என்று நாங்கள் ஆறுதல் சொல்லிக்கொண்டோம். இந்த ஆடிக்கு நான் லீவில் வந்திருந்தபோது கிளார்க்கின் போன் மறுபடியும் வந்தது. இப்போது இருக்கிற கிளார்க் கரிவலம்வந்தநல்லூர்க்காரர், வயதில் சின்னவர், என்னை அண்ணே என்பார். அதே கண்டம், வேறு நாடு, முன்னைவிட ஒதுக்குப்புறமான முகாம். ரிட்டயர் ஆவதற்கு முன்னால் எனக்கு இது கடைசி வாய்ப்பு. மகள் பிளஸ் டூ படிக்கிறாள், இன்னும் அதே மாடியில்தான் இருக்கிறோம். போகலாம் என்பதற்கு எல்லாக் காரணமும் கையில் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல ஆள்தான் இல்லை. நான் போனை வைத்துவிட்டுக் கீழ்வீட்டு வாசலைப் பார்த்தேன். சாப்பாட்டிலிருந்து எழுந்து கையைக் கழுவிக்கொண்டு யாராவது வரமாட்டார்களா என்று பார்த்தேன். இத்தனை வயதில், இத்தனை வருஷம் சர்வீஸ் போட்ட பிறகு, உள்ளங்கை வேர்த்துப்போய் நிற்கிறேனே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. வெட்கத்தால் பயம் குறையவில்லை.

என் மனைவி அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "உங்க இஷ்டம்" என்றாள்.

"மாமா இருந்தா என்ன சொல்லிருப்பாங்க?"

"அவுக பயந்தாக, சொன்னாக. நீங்க பயப்படமாட்டிய. பயப்படாத மனுசர்ட்ட நான் என்னத்தச் சொல்ல?" அவள் குரலில் கோபம் இல்லை. ரொம்ப நாளாக அவளுக்குள் பழகிப்போன ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"எனக்கும் பயந்தான்" என்றேன்.

அவள் கை நின்றது. "எப்ப இருந்து?"

"அப்பவே. மாமா பொட்டலம் கட்டுததுக்கு முந்தியே. அந்தப் பையனோட பெட்டிய வண்டியில ஏத்துனதுலருந்து." எந்தப் பையன், என்ன பெட்டி என்று அவளுக்குத் தெரியாது. அந்த அம்மா கேட்டதையும் நான் சொன்ன பொய்யையும் அன்றைக்குத்தான் முதல்முறையாக அவளிடம் சொன்னேன். கேட்டு முடிக்கிறவரை வெங்காயத் தோலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் வடிந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட அவள் முயலவில்லை.

"நீங்க ஒவ்வொரு தடவையும் ரயில் ஏறிப் போன பிறவு, போன் அடிச்சாலே எனக்குக் கையும் காலும் வெலவெலத்துப் போகும். ஒடனே எடுக்கமாட்டேன். யாராயிருக்கும்னு பாத்துட்டு எடுப்பேன். நீங்க தைரியமாப் போறிய, நாம அழுது கெடுக்கக்கூடாதுன்னு இருந்துட்டேன்" என்றாள். பிறகு, முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, எத்தனையோ வருஷமாக நான் எதிர்பார்த்த வார்த்தையைச் சாதாரணமாகச் சொன்னாள். "போவாதிய. என்னால முடியாது."

அங்கேயே அடுப்படியில் நின்றபடி கிளார்க்கைக் கூப்பிட்டேன். அன்வில்லிங் என்றேன்.

"காரணம் என்னண்ணே போட? வீட்டுல யாருக்காவது ஒடம்பு சரியில்லன்னு போட்டுரவா?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. எனக்குப் பயமாருக்கு. அதப் போடுங்க."

"அண்ணே, அப்படியெல்லாம் போட முடியாதுண்ணே" என்றார்.

"போட முடியாட்டா நீங்க எதையாவது போட்டுக்கிடுங்க. ஆனா நான் சொன்னது அதுதான்."

போனை வைத்தபோது என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதை மறைக்க எனக்குத் தோன்றவில்லை. வெங்காய வாடை அடிக்கிற தன் இரண்டு கையாலும் அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிட்டியளே" என்றாள்.